கண்ணிக்குக் கண்ணி துணை: பின்னற்கலையும் பகிர்வின் இன்பமும்

இழைகள் பல கூடி ஆடையாவது நெசவு. ஓர் இழையே ஆடையாவது பின்னல். நெசவுக்குத் தறி வேண்டும். பாவும் ஊடையும் வேண்டும். தறியை நிறுத்த இடமும் வேண்டும். பின்னலுக்கோ இரண்டு ஊசிகளும் ஓர் உருண்டை நூலும் போதும். திண்ணையிலும் தொடர்வண்டியிலும் நோயாளியின் கட்டிலருகிலும் அமர்ந்து செய்யத்தக்க கலை அது. இத்துணை எளிய கருவியால் நிகழும் கலையொன்று ஆயிரம் ஆண்டுகளாக நாடு விட்டு நாடு சென்றும் அழியாமல் நிற்பதற்குக் காரணம் என்ன? கற்றவர் அதனைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் அருகில் இருந்தவர்க்குக் காட்டிக்கொடுத்ததே காரணம் என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘வெயில் கொளுத்தும் நம் நாட்டில் கம்பளிப் பின்னலுக்கு என்ன வேலை?’ என்று கேட்பார் உளர். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருந்தார். கணவரின் பணி நிமித்தம் சில ஆண்டுகள் குன்னூரில் வாழ்ந்தவர். அங்கே அண்டை வீட்டு அம்மையார் ஒருவரிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டார். சமவெளிக்குத் திரும்பிய பின்னர் ஸ்வெட்டருக்குத் தேவை இல்லாது போயிற்று. ஆயினும் ஊசியைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை. தெருவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் ஏழாம் நாளுக்குள் அவர் கையால் ஓர் உல்லன் குல்லா வந்து சேரும். சாதி, சமயம், செல்வம் எதுவும் அக்குல்லாவுக்குத் தெரியாது. அவர் மறைந்தபோது ஊசியில் பாதிக் குல்லா ஒன்று நின்றது. அதனை முடிக்கத் தெரிந்தவர் தெருவில் ஒருவரும் இல்லை. அப்பாதிக் குல்லாவைக் கண்ட நாள்முதல் என் உள்ளத்தில் எழுந்த எண்ணங்களே இங்குக் கட்டுரையாகின்றன.

சொல்லும் பொருளும்

தமிழ் இத்தொழில்களை நுட்பமாக வேறுபடுத்தி வழங்குகிறது. துணியை நெய்கிறோம், பாயையும் கூடையையும் முடைகிறோம், சடையையும் வலையையும் பின்னுகிறோம். ஆடைத் தொழிலில் ‘பின்னல்’ என்பது நூலை வளையமாக்கி, ஒரு வளையத்துள் மற்றொரு வளையத்தைக் கோத்துச் செல்லும் முறையைக் குறிக்கிறது. அவ்வளையத்திற்குக் ‘கண்ணி’ என்பது பொருத்தமான பெயராகும்.

தமிழ் பயில்வோர்க்குக் ‘கண்ணி’ புதிய சொல் அன்று. ஈரடியால் அமையும் செய்யுளையும் அச்சொல் குறிக்கும். தாயுமானவரும் குணங்குடி மஸ்தான் சாகிபும் பராபரக்கண்ணி பாடியுள்ளனர். ஒரு கண்ணி தன்னளவில் சிறியது. அடுத்த கண்ணியோடு சேர்ந்து தொடராகும்போதே அது வளர்கிறது. செய்யுளுக்கும் கம்பளிக்கும் இவ்வியல்பு பொதுவாக அமைந்திருத்தல் எண்ணி மகிழத்தக்கது.

கண்ணி பிறக்கும் விதம்

இடக்கை ஊசியில் கண்ணிகள் வரிசையாக நிற்கும். அவற்றுள் முதற்கண்ணியின் வழியே வலக்கை ஊசியை நுழைத்து, நூலை அதன்மேல் வளைத்து இழுத்தால் புதிய கண்ணி ஒன்று பிறக்கும். பழைய கண்ணி ஊசியை விட்டு நழுவிப் புதியதன் அடியில் தங்கிவிடும். செயல் இவ்வளவே. இக்கண்ணியை முன்புறமாக இழுப்பது ஒரு வகை; பின்புறமாக இழுப்பது மற்றொரு வகை. இரண்டும் வேறு வேறானவை அல்ல. ஒரே கண்ணியின் இரு முகங்களே. ஒருவர்க்கு முன்புறமாகத் தோன்றுவது எதிரில் இருப்பவர்க்குப் பின்புறமாகத் தோன்றும். இவ்விரண்டையும் மாற்றி மாற்றி வைப்பதனாலும், கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் இடம் மாற்றியும் பின்னுவதனாலும் பூவும் கொடியும் முறுக்கும் துளையும் ஆயிரம் வகையாக உருவாகின்றன.

நெய்த துணியில் இழைகள் நேராகக் கிடக்கும். ஆகவே அது மிகுதியாக நீளாது. பின்னிய துணியில் நூல் வளைந்து வளைந்து கிடப்பதால் இழுத்தால் நெகிழும், விட்டால் ஒடுங்கும். காலுறையும் கையுறையும் பனியனும் உடலோடு பொருந்துவது இதனாலேயே. 1589-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் லீ என்பார் காலுறை பின்னும் பொறியை அமைத்தார். அன்று தொடங்கிய பொறிப்பின்னலின் வழித்தோன்றலே நம் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலாகும். பனியன் துணியை உற்று நோக்கினால், பெரியம்மாவின் குல்லாவில் இருந்த அதே கண்ணிகள் கடுகினும் சிறியனவாக அணிவகுத்து நிற்பதைக் காணலாம்.

அவ்வாறாயின், பொறி நொடியில் செய்வதைக் கை நாட்கணக்கில் செய்வது எதற்கு? இவ்வினாவுக்கு விடை காணுதல் வேண்டும்.

பிழை பொறுக்கும் கலை

முதல் விடை, பின்னுவோர் அடையும் மனநிறைவு. ஊசிகள் ஒரே சீராக இயங்கும்போது கை ஒரு தாளத்தைப் பற்றிக்கொள்கிறது, உள்ளம் அமைதியுறுகிறது. அன்றாட வேலைகள் பலவும் செய்த சுவடின்றி மறைவன. சமைத்தது உண்ணப்படுகிறது, துலக்கியது மீண்டும் அழுக்காகிறது. பின்னலோ செய்த அளவுக்குக் கண்முன் வளர்ந்து நிற்கிறது. ‘இன்று நான்கு விரற்கடை வளர்ந்தது’ என்று அளந்து சொல்லலாம்.

இரண்டாவது, இக்கலை பிழையைப் பொறுப்பது. தவறாக வெட்டிய துணியை ஒட்ட இயலாது; தவறாகச் செதுக்கிய கல்லை மீட்க இயலாது. பின்னலில் பிழை நேர்ந்தால் ஊசியை உருவி நூலை இழுத்தால் போதும். கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்து நூல் முழுமையாகக் கைக்குத் திரும்பிவிடும். இழந்தது உழைப்பும் நேரமும். அவ்வுழைப்பும் பயிற்சியாகக் கையில் தங்கிவிடுகிறது. இளைஞர்க்கு இதனினும் சிறந்த பாடம் வேறு ஏது? எனினும் எச்சரிக்கையும் இதில் உண்டு. இடையில் ஒரு கண்ணி நழுவினால் அது தன் கீழுள்ள கண்ணியையும் இழுத்துக்கொண்டு இறங்கும். கவனியாது விட்டால் அடிவரை இறங்கும். ஒன்றைத் தாங்குவது மற்றொன்று என்னும் உண்மையைப் பின்னுவோர் நாள்தோறும் கண்ணால் காண்கின்றனர்.

காலுறையும் தலையணையும்

இரு ஊசிப் பின்னலுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகள் எகிப்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 11-ஆம் நூற்றாண்டிற்கும் 14-ஆம் நூற்றாண்டிற்கும் இடைப்பட்ட காலத்துக் காலுறைகளும் துணுக்குகளும் அங்குக் கிடைத்துள்ளன. வெள்ளைப் பருத்தி நூலும் நீலம் தோய்த்த பருத்தி நூலும் கலந்து, கரை கரையாக அழகு செய்யப்பெற்றவை அவை. சிலவற்றில் அரபு எழுத்தின் சாயலிலேயே அழகுக் கோலங்கள் அமைந்துள்ளன. முதல் முயற்சியில் இத்தகைய திறம் வாராது. அவற்றுக்கு முன்னரே பல தலைமுறையினர் பின்னியிருத்தல் வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து.

ஐரோப்பாவில் கிடைத்த மிகப் பழைய பின்னல்களுள் சில ஸ்பெயின் நாட்டின் புர்கோஸ் நகரிலுள்ள லாஸ் வெல்காஸ் மடாலயத்து அரச கல்லறைகளில் காணப்பெற்றன. 1275-இல் மறைந்த காஸ்டில் நாட்டு இளவரசர் பெர்னாண்டோ தெ லா செர்டாவின் கல்லறையில் பட்டு நூலாற் பின்னிய தலையணை உறை ஒன்று கிடைத்தது. ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 20 கண்ணிகள் அமைந்த நுண்பணி அது. அதன் ஓரத்தில் கூஃபி எழுத்தில் ‘பரக்கா’ என்னும் அரபுச் சொல் திரும்பத் திரும்பப் பின்னப்பெற்றுள்ளது. நாம் ‘பரக்கத்’ என்று வழங்கும் அருள்வளத்தைக் குறிக்கும் சொல்லே அது. கிறித்தவ இளவரசர் ஒருவரின் இறுதித் துயிலுக்கு, முஸ்லிம் கைவினைஞர் எனக் கருதப்படுவோர், வாழ்த்துச் சொல்லொன்றைக் கண்ணி கண்ணியாகப் பின்னித் தந்துள்ளனர். இளவரசரின் பெயர் நமக்குத் தெரிகிறது. பின்னியவரின் பெயர் தெரியவில்லை. ஆயினும் அவர்தம் வாழ்த்து ஏழு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது.

தீவுகள் தரும் பாடம்

பிரிட்டனின் வடகோடியிலுள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் பெண்கள் மெல்லிய கம்பளி இழையால் சால்வை பின்னுவதில் புகழ்பெற்றவர்கள். விரித்தால் தோளையும் முதுகையும் மூடும் பெரிய சால்வையைத் திருமண மோதிரத்தின் உள்ளே நுழைத்து இழுத்துவிடலாம், அத்துணை மென்மை. அதன் கோலங்கள் எழுதி வைக்கப்பெறாமல் தாயிடமிருந்து மகளுக்குக் கைவழியாகச் சென்றன. மாலை வேளைகளில் ஒரு வீட்டில் கூடி, பேசிக்கொண்டே பின்னுதல் அவர்தம் வழக்கம்.

இவ்வின்பத்தின் மறுபக்கமும் அறியத்தக்கது. 19-ஆம் நூற்றாண்டில் அப்பெண்களின் பின்னலைப் பெற்ற வணிகர்கள் கூலியைப் பணமாகத் தராமல் தம் கடைச் சரக்காகவே தந்தனர். தேயிலையும் துணியும் கிடைத்தன. உணவுப்பொருள் வாங்கக் கையில் காசு கிடைக்கவில்லை. 1872-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு இதனை விசாரித்தபோது பின்னற்பெண்கள் பலர் முன்வந்து தம் நிலையை எடுத்துரைத்தனர். உலகம் போற்றிய சால்வையைப் பின்னிய கைகள் வறுமையில் வாடின என்பதனை நாம் மறத்தல் ஆகாது.

பின்னல் பெண்களுக்கே உரியது என்னும் எண்ணமும் பிழையானது. தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், டிட்டிகாக்கா ஏரியின் நடுவிலுள்ள தக்கிலே தீவில் ஆண்களே பின்னுகின்றனர். சிறுவர்கள் இளமையிலேயே ஊசி பிடிக்கப் பழகுகின்றனர். அவர்கள் தலையில் அணியும் தொப்பியின் நிறமும் கோலமும் அணிந்தவர் மணமானவரா, ஆகாதவரா என்பதைக் காட்டிவிடும். இத்தீவின் துணிக்கலையை 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் அரிய மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

ஏட்டில் ஏறிய பின்னல்

கைவழிக் கல்விக்கு ஓர் எல்லை உண்டு. கற்பிப்பவர் அருகில் இருந்தால்தான் கற்க இயலும். அவர் மறைந்தால் கலையும் மறையும். இக்குறையை நீக்க எழுந்தவை பின்னல் நூல்கள். 1840-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரைச் சேர்ந்த ஜேன் கோகெய்ன் என்னும் அம்மையார் வெளியிட்ட கைப்பணி நூல் இவற்றுள் முன்னோடியானது. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு குறியீடு தந்து, வரிசைதோறும் செய்வதை அவர் எழுதிக் காட்டினார். இசைக்குச் சுரக்குறிப்பு எவ்வாறோ, பின்னலுக்கு அக்குறியீடுகள் அவ்வாறாம். 1968-இல் அமெரிக்காவின் பார்பரா வாக்கர் நூற்றுக்கணக்கான பின்னற்கோலங்களைத் தொகுத்து ஒரு களஞ்சியமாக வெளியிட்டார்.

இத்துறையில் தனித்துக் குறிப்பிடத்தக்கவர் எலிசபெத் சிம்மர்மன் (1910-1999). இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இவர், தாம் எழுதியனுப்பிய செய்முறையைப் பிறர் மாற்றி வெளியிட்டதனைப் பொறாது, 1958-இல் தாமே ஒரு சிறு செய்திமடலைத் தொடங்கினார். ‘எழுதியதை அப்படியே பின்பற்ற வேண்டா, கணக்கை அறிந்துகொண்டால் உங்கள் ஆடையை நீங்களே வகுத்துக்கொள்ளலாம்’ என்பது அவர் நெறி. மார்பளவுக்குரிய கண்ணிகளை நூறு விழுக்காடாகக் கொண்டு, கை, மணிக்கட்டு, கழுத்து ஆகியவற்றுக்குரிய கண்ணிகளை அதன் விழுக்காடாகக் கணக்கிடும் எளிய முறையை அவர் பரப்பினார். அவர்தம் பணிவு மேலும் போற்றத்தக்கது. புதியதொரு முறை தமக்குத் தோன்றியபோது, ‘கண்டுபிடித்தேன்’ என்று கூற அவர் ஒருப்படவில்லை. எங்கோ ஒரு மூதாட்டி முன்பே இதனைச் செய்திருப்பாள். நாம் தோண்டி எடுத்தோம், அவ்வளவே என்னும் பொருள்படத் தாமே ஒரு புதுச்சொல்லை ஆக்கி வழங்கினார்.

கணினி வழிக் கூடம்

ஷெட்லாந்துப் பெண்கள் கூடிய மாலைக் கூடம் இன்று கணினித் திரையில் விரிந்துள்ளது. 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற ‘ரேவல்ரி’ என்னும் இணையக் கூடத்தில் 2020-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 90 இலட்சம் பேர் பதிவு செய்திருந்தனர். பின்னுவோர் தாம் செய்த பொருளின் படத்தை அங்கு வைக்கின்றனர். படத்தோடு நில்லாது, எவ்வகை நூல், எத்தனை உருண்டை, ஊசியின் பருமன் எவ்வளவு, எங்கே செய்முறையை மாற்றினர், எங்கே தவறினர் என்பவற்றையும் எழுதி வைக்கின்றனர்.

தம் வெற்றியைக் காட்டுவோர் உலகில் பலர். தம் பிழையையும் பிறர் பயன்கருதிக் காட்டுவோர் சிலரே. ‘பதினைந்தாம் வரிசையில் நான் இடறினேன், நீங்கள் கவனமாகச் செல்லுங்கள்’ என்று முன்பின் அறியாத ஒருவர்க்கு எழுதி வைத்தல் எத்துணைப் பெருந்தன்மை! மேட்டுநிலக் குளிரில் பின்னும் ஒருவரும் கடற்கரை வெக்கையில் பின்னும் ஒருவரும் ஒரே கோலத்தை வெவ்வேறு நூலால் செய்து ஒப்பிட்டு மகிழ்கின்றனர். மொழி தெரியாவிடினும் கண்ணிக் குறியீடு இருவர்க்கும் தெரியும்.

இதன் பயனை நம் மாநிலமும் கண்டுள்ளது. இரண்டு ஊசிகளுக்கு மாற்றாகக் கொக்கி முனையுடைய ஒற்றை ஊசியால் செய்வதனை நம் வீடுகளில் ‘குரோஷா’ என்பர். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்னும் குழுவினர் இணையத்தின் வாயிலாக ஒன்றுகூடி, ஆளுக்குச் சில துண்டுகளாகப் பின்னி, 2016-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள் சென்னையில் அவற்றை ஒரே போர்வையாக இணைத்து விரித்தனர். அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். அஃதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர். குரோஷாப் போர்வைகளுள் மிகப் பெரியது என்று கின்னஸ் உலகச் சாதனையாக அது பதிவாயிற்று. விரித்த போர்வையைப் பின்னர்ப் பிரித்து வறியோர்க்கு வழங்குவது என்பது அவர்தம் திட்டமாக இருந்தது. தனியே இருந்து எத்தனை ஆண்டுகள் பின்னினாலும் ஒருவரால் அப்போர்வையை முடித்திருக்க இயலாது.

பகிர்வின் அறம்

பகிர்தல் வேறு, பறித்தல் வேறு. ஒரு புதிய செய்முறையை வகுப்போர் பல நாள் பின்னியும் பிரித்தும் கணக்கிட்டும் உழைக்கின்றனர். அதனைச் சிறு விலைக்கு விற்று வாழ்வோரும் உளர். விலைக்கு வாங்கிய ஒருவர் அதனைப் படியெடுத்து ஊரெங்கும் வழங்கினால் அது கொடையாகாது. பிறர் கூலியைக் கொடுத்துத் தான் புகழ் பெறுதலேயாகும். ஷெட்லாந்து வணிகர் அன்று செய்த தவற்றை நாம் இன்று வேறு வடிவில் செய்தல் தகாது. தாம் வகுத்ததைத் தாமே விரும்பி வழங்குவோரும் இவ்வுலகில் ஏராளம். அவர்தம் பெயரைச் சொல்லிப் பின்னுதலும், கற்றதை மற்றொருவர்க்குக் கற்பித்தலும் நாம் செலுத்தத்தக்க கடன்களாம்.

நிறைவாக

பெரியம்மாவின் பாதிக் குல்லா பல ஆண்டுகள் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தது. கல்லூரியில் பயிலும் அவர் பேத்தி அண்மையில் அதனை எடுத்தாள். கைப்பேசியிலுள்ள விளக்கப் படங்களைப் பார்த்துப் பின்னக் கற்றவள் அவள். பின்னல் தன் வரலாற்றைத் தானே சுமப்பது. எந்தக் கண்ணி எவ்வாறு இழுக்கப்பெற்றது என்பதைத் துணியைப் பார்த்தே கூறலாம். அவளும் வரிசை வரிசையாக எண்ணி, பாட்டி செய்த கோலத்தைத் தாளில் எழுதிவிட்டாள். ஆனால் பாட்டி குல்லாவின் உச்சியை எவ்வாறு குறைத்துக் கூட்டி முடித்தார் என்பது மட்டும் விளங்கவில்லை. அப்பகுதி இன்னும் பின்னப்படவே இல்லையே! அது பாட்டியின் விரல்களோடு போயிற்று.

அவள் குல்லாவைப் படமெடுத்து, இணையத்தில் அறிமுகமான பின்னல் தோழியர்க்கு அனுப்பினாள். மறுநாள் காலைக்குள் ஐந்து வகையான முடிப்பு முறைகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து குல்லாவை முடித்தாள். அழகாகவே அமைந்தது, எனினும் உச்சி பாட்டியினுடையது அன்று, முகமறியா ஒரு தோழியினுடையது. ‘பாட்டியிடம் ஒரு முறை கேட்டிருக்கலாம் பெரியப்பா’ என்று அவள் சொன்னபோது எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

கையால் பின்னுவது எதற்கு என்னும் வினாவுக்கு அக்குல்லாவே விடை. குல்லாவைப் பொறி தரும். ஆனால் அதனைப் பின்னும் அறிவு ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் சென்றால்தான் வாழும். இப்போது அவள் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறாள். அதன் முதற்பக்கத்தில் அக்குல்லாவின் செய்முறை அடிமுதல் உச்சிவரை வரிசையாக எழுதப்பெற்றுள்ளது. சென்ற மாதம் எங்கள் தெருவில் பிறந்த குழந்தைக்கு ஏழாம் நாளுக்குள் குல்லா வந்து சேர்ந்தது.

மாணவ மணிகளே! உங்கள் இல்லங்களிலும் இத்தகைய கைகள் இருக்கும். பின்னலோ, பாய் முடைதலோ, பூத்தையலோ, எதுவாயினும் அக்கைகள் ஓய்வதற்குள் அருகில் அமர்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். எழுதியதைப் பிறர்க்குக் காட்டுங்கள். கண்ணியைத் தாங்குவது கண்ணி.